ஒன்பது ஜோடி செருப்பு

‘கவனக்குறைவாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று என் கையால் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சிவகாசி வட்டாரத்தில் ஒரு காவல் நிலையத்தில் ஏழு வருடம் ரைட்டராக இருந்தேன். எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவள் என்று நினைக்க வேண்டாம். புகார், முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலம், மகஜர் என்று ஒரு நிலையத்தில் எழுத வேண்டிய அத்தனையையும் எழுதித் தள்ளுகிற தலைமைக் காவலருக்கு எங்கள் துறையில் அந்தப் பெயர். ஊர்க்காரர்களுக்கு நான் ஏட்டம்மா. துப்பாக்கியை வருடத்துக்கு ஒருமுறை பயிற்சியில் தொடுவேன். அதைக்கொண்டு யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ததில்லை. பேனாவால் செய்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நிலையத்து அலமாரியில் ஒரு பழைய கோப்பு இருந்தது. எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு ரைட்டர் எப்போதோ பிழையில்லாமல் எழுதிய பட்டாசு ஆலை விபத்து வழக்கு. அதற்கு மாடல் பைல் என்று பெயர். எங்காவது வெடித்தால் அதை எடுப்போம். ஆலையின் பெயர், தேதி, இறந்தவர்களின் பெயர், இவற்றை மட்டும் மாற்றுவோம். மீதி அப்படியே இருக்கும். ‘மேற்படி தொழிலாளி மருந்தைக் கவனக்குறைவாகவும் அஜாக்கிரதையாகவும் கையாண்டதில் உராய்வு ஏற்பட்டு’ என்று ஓடும் அந்த வாக்கியம். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. கணினி வந்த பிறகு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. பொய் எழுது என்று ஒரு அதிகாரியும் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் அது முன்பே தட்டச்சாகிக் கிடந்தது.

ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. அந்த மழைக்குள் ஒரு விபத்து, ஒருவர் இறந்துபோனார். நான் எழுதிய அறிக்கையில் ‘கடும் வெயிலின் தாக்கத்தால் மருந்து சூடேறி’ என்று இருந்தது. மாடல் பைலில் இருந்த வெயில் அது. பல மாதம் கழித்து நீதிமன்றத்தில் நடுவர் அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து, “அன்னைக்கு வெயில் அடிச்சுதாம்மா?” என்று கேட்டார். வக்கீல்கள் சிரித்தார்கள், நான்கூடச் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். கடைசிப் பெஞ்சில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. தன் புருஷனின் சாவை எழுதியவள் அன்றைக்கு மழை பெய்ததைக்கூடப் பார்க்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

அன்று நிலையத்துக்குத் திரும்பியதும் மாடல் பைலை அலமாரியின் அடித்தட்டில், பழைய பதிவேடுகளுக்குக் கீழே தள்ளினேன். அதற்குப் பிறகு என் வழி ஒன்றுதான். நான் பார்த்ததைப் பார்த்ததாக எழுதுவேன். கேட்டதை யார் சொன்னார் என்று சேர்த்து எழுதுவேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத மாட்டேன். இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, பயிற்சிப் பள்ளியில் முதல் மாதமே சொல்லித் தருவதுதான். ஆனால் நிலையத்தில் அதைச் செய்தால் கிறுக்கு என்பார்கள். “அக்கா சம்பவ இடத்துல எறும்பு போனாலும் எத்தனைன்னு எண்ணி எழுதிரும்” என்று கூட இருந்த காவலர்கள் கேலி செய்தார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி சொல்லப்போவது ஒரு புரட்டாசி மாதத்துச் சம்பவம். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. காலை பதினொரு மணி இருக்கும், நிலையத்து ஜன்னல் கதவுகள் ஒருமுறை அதிர்ந்தன. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் உடனே ஓட மாட்டோம். கையில் இருப்பதை வைத்துவிட்டு அடுத்த சத்தம் வருகிறதா என்று நிற்போம். வந்தால் பெரிய விபத்து. அன்று வந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயாவும் நானும் ஜீப்பில் போனோம். ஆலை எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்தது. தீயணைப்பு வண்டி வேலையை முடித்திருந்தது. சிதறிய மருந்து கிடக்கும் இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் என் போனை ஜீப்பில் வைத்தேன். இன்ஸ்பெக்டரால் அது முடியவில்லை. இறங்கியதிலிருந்து அவர் போன் ஓயவில்லை, எல்லாமே மேலே இருந்து வருகிற அழைப்புகள். “நீங்க உள்ள போய்ப் பார்வை மகஜர் எழுதிடுங்கம்மா, நான் கையெழுத்துப் போட்டுடறேன்” என்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். பார்வை மகஜர் என்பது சம்பவ இடத்தில் என்னென்ன இருந்தது என்று அங்கேயே நின்று, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு எழுதுகிற தாள். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய தலையாரியும் எனக்குச் சாட்சிகளாக வந்தார்கள்.

நான்கு பேர் இறந்திருந்தார்கள். மூன்று பெண்கள், ஒரு ஆண். ஐந்து பேரைத் தீக்காயத்தோடு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்கள். உடல்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அதற்கான அறிக்கையில் ஒருமுறை எழுதினேன், அது போதும்.

அறையின் கிழக்குச் சுவரும் கூரையும் போய்விட்டன. மேற்குச் சுவர் மட்டும் நின்றது. ஜன்னல் இல்லாத சுவர். அதற்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு வேப்பமரம். மரத்தடியில், தீயணைப்பு வண்டி பீய்ச்சிய தண்ணீரில் நனைந்து, செருப்புகள் வரிசையாக இருந்தன.

எனக்கு அந்த வரிசை புதிதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் காவலர் தேர்வு முடிவுக்குக் காத்திருந்தபோது இரண்டு சீசன் நானும் பட்டாசு ஆலைக்குப் போனவள்தான். மருந்து அறைக்குள் செருப்பு கூடாது. கொண்டை ஊசி, ஊக்கு, கண்ணாடி வளையல் எதுவும் கூடாது. வெயிலில் கழற்றிப் போட்டால் ரப்பர் சுட்டுவிடும் என்று நிழல் பார்த்து விடுவோம். வேன் கிளம்பும் நேரத்தில் காலை நுழைத்துக்கொண்டு ஓட வசதியாக, விரல் பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி வைப்போம். வேப்பமரத்தடியில் இருந்தவையும் அப்படித்தான் இருந்தன.

“அதையுமா எழுதணும்?” என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்டார்.

“எண்ணிச் சொல்லுங்க சார்” என்றேன். அவர் ஒன்பது என்றார். தலையாரியைத் தனியாக எண்ணச் சொன்னேன். அவர் குனிந்து குனிந்து விரல் விட்டு எண்ணி, “ஒம்பது ஜோடி ஏட்டம்மா” என்றார். நான் எண்ணியதும் ஒன்பதுதான். ஒவ்வொன்றாக எழுதினேன். மூன்றாவது ஜோடி, ஆண்கள் அணியும் பழுப்பு நிறத் தோல் செருப்பு, வலது குதிகால் ஓரம் தேய்ந்தது. ஐந்தாவது, சிவப்பு வார் வைத்த கறுப்புச் செருப்பு, புதியது. ஏழாவது ஜோடி, நீல நிற ரப்பர் செருப்பு, இடது கால் வார் அறுந்து இரும்பு ஊக்கால் இணைக்கப்பட்டது. இப்படி ஒன்பதும். அறைச் சுவரில் சிவப்பு எழுத்தில் ‘அனுமதிக்கப்பட்ட ஆட்கள் 4’ என்று இருந்ததையும் எழுதினேன். நான்குக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. என் வாயில் வந்த வசவுகளுக்கு மகஜரில் இடமில்லை.

சாட்சிகள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து, ஒரு காதில் போனோடு, நான் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் எல்லாம் போட்டார். ஒரு வரியும் படிக்கவில்லை.

மத்தியானம் ஆலையின் போர்மேன் நிலையத்துக்கு வந்தார். சட்டையில் ஒரு பொட்டுக் கரி இல்லை. எதிரே உட்கார வைத்து வாக்குமூலம் எழுதினேன்.

“ரூமுக்குள்ள எத்தனை பேரு இருந்தாக?”

“நாலு பேரு மேடம். லைசென்ஸ்ல என்ன இருக்கோ அம்புட்டுத்தான். நாங்க கரெக்டா நடத்துற கம்பெனி.”

“அப்ப மத்த அஞ்சு பேருக்கு எப்படித் தீக்காயம் பட்டுச்சு?”

“தண்ணி குடிக்க அந்தப் பக்கமா வந்திருப்பாக.”

“எப்படி வெடிச்சது?”

அவர் இதற்குத் தயாராக வந்திருந்தார். இறந்துபோன மூன்று பெண்களில் ஒருத்தியின் பெயரைச் சொன்னார். “அந்தப் பொம்பள செருப்பக் கழத்தாம உள்ள போயிருச்சு மேடம். ஏய் கழத்திட்டுப் போன்னு நான் சத்தம் போட்டேன். கேக்கல. செருப்பு உரசித் தீப்பிடிச்சிருச்சு. அவ செஞ்ச வேலையில மத்த மூணு பேரும் சேந்து போயிட்டாக.”

“நீங்க எங்க இருந்தீக?”

“ஆபீஸ் ரூம்ல.”

“ஆபீஸ் ரூம்ல இருந்தா அவுக கால் தெரிஞ்சது?”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “ரூம் வாசல்ல நின்னேன்னு போட்டுக்கோங்க” என்றார். அதையும் அவர் சொன்னபடியே போட்டேன். ‘முதலில் அலுவலக அறையில் இருந்ததாகச் சொன்னவர், பின்னர் மருந்து அறை வாசலில் நின்றதாகச் சொன்னார்.’ இறந்தவள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம் அந்த ஆளுக்கு. எழுந்து நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று எனக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை. அவர் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்கவும் இல்லை. அவருடைய பொய்யும் எனக்கு முழுசாக வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே முதல் தகவல் அறிக்கையோடு மகஜரையும் சேர்த்துக் கட்டி, ஒரு காவலரைப் பைக்கில் ஏற்றி நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். என் பணிக்காலத்தில் எந்தக் காகிதத்தையும் அவ்வளவு வேகமாக அனுப்பியதில்லை. எனக்கு ஏதோ உறுத்தியது.

உறுத்தல் சரிதான். மறுநாள் காலை தடய அறிவியல் ஆட்களோடும் புகைப்படக்காரரோடும் போனபோது வேப்பமரத்தடி சுத்தமாக இருந்தது. விளக்குமாற்றுக் கோடுகள் ஈர மண்ணில் தெரிந்தன. மூன்று ஜோடிச் செருப்புகள் மட்டும் இருந்தன. நான்கு பேர் வேலை செய்தார்கள், ஒருத்தி செருப்போடு உள்ளே போய்விட்டாள், ஆக வெளியே மூன்று ஜோடி. அழகாகத்தான் யோசித்திருந்தார்கள். காணாமல் போன ஆறு ஜோடிகளில் ஊக்கு குத்திய நீல நிறச் செருப்பும் ஒன்று. ‘இன்று காலை மூன்று ஜோடிகள் மட்டும் காணப்பட்டன. தரை பெருக்கப்பட்டிருந்தது’ என்று ஒரு தாளில் எழுதி, அன்று வந்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் மகஜரின் நகலைப் படித்தார். என்னைக் கூப்பிட்டார்.

“என்னம்மா இது? சம்பவ இடத்துக்குப் போனா சுவரு, கூரை, மருந்து எழுதுவாங்க. நீங்க செருப்புக்கடை விரிச்சு வச்சிருக்கீங்க.”

“இருந்துச்சுங்கய்யா. எழுதினேன்.”

“இப்ப மூணுதான் இருக்கு.”

“அதையும் எழுதிட்டேன்யா.”

அவர் நெற்றியைத் தேய்த்தார். “இங்க பாருங்க, எல்லா இடத்துலயும் இருந்து பேசுறாங்க. புதுசா ஒரு மகஜர் போட்டுக்குவோம். அந்த மாடல் பைல் எங்க?”

“அடித்தட்டுல கிடக்குங்கய்யா. ஆனா இந்த மகஜர் நேத்து சாயங்காலமே கோர்ட்டுக்குப் போயிருச்சு. உங்க கையெழுத்தோட.”

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேட்பதற்கு முன்பே விடுப்புக் கொடுத்தவர். ஆனால் அன்று அவர் கேட்டது ஒரு செத்த பெண்ணின் செருப்பை அவள் காலில் திரும்ப மாட்டிவிடச் சொல்லி. அதை என்னால் செய்ய முடியாது. “யாருக்காகம்மா இவ்வளவு பிடிவாதம்?” என்று கேட்டார். “எனக்காகத்தாங்கய்யா” என்றேன். அது உண்மை. மழை நாளில் வெயிலை எழுதியவள் நான், இன்னொரு தடவை கடைசிப் பெஞ்சைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

எங்கள் மகஜர் கோர்ட்டில் தூங்கியது. போர்மேன் சொன்ன கதையோ வேன் ஏறி ஊர் ஊராகப் போனது. செருப்போடு உள்ளே போனவளால் நான்கு உயிர் போச்சு என்று டீக்கடையில் பேசினார்கள். செய்தித்தாளில் ஒரு ஓரத்தில் வந்தது. காயம்பட்ட ஐந்து பேரும் ஆஸ்பத்திரியில் வாய் திறக்கவில்லை. அவர்கள் திரும்ப அதே வட்டாரத்தில்தான் வேலைக்குப் போக வேண்டும், அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பெண் நிலையத்துக்கு வந்தாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் பைண்டிங் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. போர்மேன் பெயர் சொன்ன பெண்ணின் மகள் அவள். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை.

“எங்க அம்மாதான் காரணம்னு போலீசுல எழுதியிருக்காகளாம். நிசமா ஏட்டம்மா?”

“உட்காரு தாயி” என்றேன். உட்காரவில்லை.

“செத்த நாலு பேரும் எங்க தெருதான். மத்த மூணு வீட்டுக்கும் ஊரே போச்சு. எங்க அம்மாவத் தூக்க ஒரு ஆளு வரல. அச்சாபீஸ்ல இருந்து நாலு பேரு வந்து தூக்குனாக. எதுத்த வீட்டு அக்காவுக்குப் புருசன் போயிட்டாக. அந்த அக்கா எங்க வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துச்சு. குழாயடிக்கு நான் போனா குடத்தத் தூக்கிக்கிட்டு நகந்துருதாக. அம்மா செத்தது ஒரு பக்கம் கிடக்கட்டும். இத நான் எப்படித் தாங்க?”

அலமாரியில் நகல் இருக்கிறது, எடுத்து அவள் முகத்துக்கு நேரே விரித்து ‘ஒன்பது ஜோடியும் வெளியே இருந்தது, இதோ பார்’ என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால் எல்லாம் பாழ். நான் சொல்லிக் கொடுத்து அவள் சொன்னாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி மொட்டையாகக் கேட்டேன்.

“அன்னைக்கு வேலைக்குப் போகையில அம்மா என்னென்ன போட்டிருந்தாக? தலையில இருந்து கால் வரைக்கும் சொல்லு.”

அவள் சொன்னாள். பச்சைச் சேலை, மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. ஆலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொள்வது வழக்கம். தலையில் ஊசி இல்லை, ரப்பர் பேண்டுதான். கையில் வளையல் கிடையாது.

“அப்புறம்?”

“நீல ரப்பர் செருப்பு. இடது வாரு முந்தின நாளே அறுந்து போச்சு. புதுசு வாங்கிருவோம்னு சொன்னேன். தீவாளிக்குச் சேத்துப் பாத்துக்கிடலாம்னுச்சு. காலையில வேன் வந்து ஆரன் அடிக்கவும் நான்தான் அவசரமா ஊக்கு குத்திவிட்டேன். ஏட்டம்மா, ஊக்கு இரும்பு. அதப் போட்டுக்கிட்டு எங்க அம்மா மருந்து ரூமுக்குள்ள போகுமா? பதினெட்டு வருசமா போற ஆளு. வீட்டுல ஊக்கு கீழ விழுந்தாலே ‘எடு, எடு’ன்னு பதறும்.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நான் ஊக்கு என்று சொல்லவில்லை. செருப்பு என்றுகூடச் சொல்லவில்லை. முகத்தை மேஜைப் பக்கம் குனிந்துகொண்டேன், அவள் பார்த்துவிடக் கூடாது என்று. எழுதி முடித்து முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“சொல்லுங்க, எங்க அம்மாதான் காரணமா?”

“எது காரணம்னு எனக்குத் தெரியாது தாயி. தெரியாதத நான் எழுதல. கண்ணால பாத்தத எழுதியிருக்கேன். அது கோர்ட்டுல இருக்கு. நகல் கேக்க உனக்கு உரிமை உண்டு. மனு எழுதிக் கேளு, தர்ற வரைக்கும் விடாத.”

ஒரு தாளும் பேனாவும் கொடுத்தேன். மனுவை அவளே எழுதினாள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, என் கை அதில் பட வேண்டாம் என்று இருந்தது.

அந்த மாதமே எனக்கு மாறுதல் வந்தது. விருதுநகர் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் காவல் பணி. எழுதுகிற கையைக் கட்டிப்போட்டுவிட்டதாக யாரோ சந்தோஷப்பட்டிருப்பார்கள். வருகிறவர்களின் பையைச் சோதிப்பதும் ‘மனு கொடுக்கிற இடம் அந்தப் பக்கம்’ என்று கை காட்டுவதும்தான் வேலை. நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அங்கே மரநிழல் நன்றாக இருந்தது, எட்டு மணி நேரத்தில் வீட்டுக்கும் போனேன். ஒரே ஒரு குறை, புதிதாக வந்த ரைட்டர் அடித்தட்டிலிருந்து மாடல் பைலைத் தோண்டி எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கேட்டதும் அன்று முழுக்க எரிச்சல்.

அவர்கள் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. விபத்து பற்றிய அரசு விசாரணை அதே வளாகத்தில்தான் நடந்தது. வாசலில் நின்றிருந்த என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது நான் இருபது அடி நடந்தால் போதுமாக இருந்தது. ஆலைத் தரப்பு வக்கீல் என்னைக் கேள்வி கேட்டார்.

“செருப்பை எண்ணச் சொல்லி யாராவது உத்தரவு போட்டாங்களா?”

“இல்லை.”

“நீங்க முன்னாடி பட்டாசு ஆலையில வேலை பார்த்தவங்கதானே?”

“ஆமா. ரெண்டு சீசன்.”

“அப்ப ஆலை முதலாளிகள் மேல உங்களுக்குக் கோபம் இருக்கு.”

“இருக்கு” என்றேன். “நிறையவே இருக்கு. அந்த மகஜர்ல எந்த வரியில இருக்குன்னு காட்டுங்க.”

அவர் தாளைப் புரட்டினார். நிறம், அளவு, எண்ணிக்கை, திசை, தூரம். மறுபடி புரட்டினார். கோபம் அதில் இல்லை, இருக்காது. நான் அதை வெளியிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருந்தேன். விசாரணை அதிகாரி போர்மேனைப் பார்த்து, ஆபீஸ் அறையிலிருந்து அந்தப் பெண்ணின் கால் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நான் கேட்ட அதே கேள்வி. இந்த முறை அவர் தன் தரப்பு வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

விசாரணை அறிக்கையில், நான்கு பேருக்கு அனுமதி பெற்ற அறையில் ஒன்பது பேர் வேலை செய்ததாகப் பதிவானது. செருப்போடு நுழைந்ததால் உராய்வு என்ற வரி விழுந்துபோனது. வெடித்ததற்கான காரணம் உறுதி செய்யப்படவில்லை என்று போட்டார்கள். ஆலையை நடத்தியவர் மீதும் போர்மேன் மீதும் வழக்கு இன்னும் நடக்கிறது, எப்போது முடியும் என்று தெரியாது. தெரியாததை இங்கேயும் எழுதப் போவதில்லை.

அடுத்த புரட்டாசியில் ஒருநாள் காலை அந்தப் பெண் போன் செய்தாள்.

“ஏட்டம்மா, நகல் கையில கிடைச்சதும் நேரா எதுத்த வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அந்த அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசல்ல நின்னு நான் வாசிச்சேன். போ போன்னு வெரட்டுச்சு. நான் நகரல, நீங்க எழுதியிருந்த ஒவ்வொரு செருப்பாச் சத்தமா வாசிச்சேன். மூணாவது ஜோடி வரவும், குதிகால் தேஞ்ச பழுப்புச் செருப்புன்னு வாசிக்கவும், ‘ஐயோ அது எங்க வீட்டு மனுசனோடதாச்சே’ன்னு அங்கனயே உக்காந்துருச்சு. அப்புறம் மிச்சத்தையும் வாசிக்கச் சொல்லுச்சு. ஏழாவதையும் கேட்டுச்சு.” பிறகு விஷயத்துக்கு வந்தாள். “இன்னைக்கு வருசம் திரும்புது. புதுப்பட்டி பஸ் ஸ்டாப்புல போஸ்டர் ஒட்டியிருக்கோம். எங்க அச்சாபீஸ்ல அடிச்சது. முடிஞ்சா பாருங்க.”

ஒட்டியிருக்கேன் என்று சொன்னாளா, ஒட்டியிருக்கோம் என்று சொன்னாளா என்று நான் திரும்பக் கேட்கவில்லை. ஒட்டியிருக்கோம் என்றுதான் சொன்னாள், எனக்கு நன்றாகக் கேட்டது. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சீருடையை மாற்றிச் சாதாரணச் சேலையில் பஸ் ஏறிப் போனேன்.

நிழற்குடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. இங்கே இப்படிப்பட்ட போஸ்டர்களில் வழக்கமாக நான்கு வரி அழுகைக் கவிதை இருக்கும். அந்த இடத்தில் என் மகஜர் இருந்தது. ‘சம்பவ அறைக்கு மேற்கே பத்தடி தூரத்தில் வேப்பமரத்தடியில் ஒன்பது ஜோடி செருப்புகள் வரிசையாகக் காணப்பட்டன’ என்று தொடங்கி, ஒன்றிலிருந்து ஒன்பது வரை. ஆலை வேன் ஒன்று வந்து நின்றது. ஏறப்போன பெண்களில் இரண்டு பேர் படியில் ஒரு காலை வைத்தபடியே அதை வாசித்தார்கள். டிரைவர் ஆரன் அடித்தார். அவர்கள் வாசித்து முடித்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

பழக்க தோஷம், நான் முதலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, ஒரு வார்த்தையும் மாறவில்லை. பிறகுதான் மேலே இருந்த படங்களைப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர், மற்ற இரண்டு பெண்கள், அவளுடைய அம்மா. நான்கு படங்களும் ஒரே வரிசையில், ஒரே அளவில் இருந்தன.